மிஞ்சிய ஒரு சொல்

உலகச் சண்டை நடந்து, மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலம் அது. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், மயிலம் மலை கண்ணுக்குத் தெரிகிற ஊர் எங்களுடையது. என் வீட்டுக்காரர் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைப் பயிர் வைத்து, மூட்டைகளை வண்டியில் ஏற்றித் திண்டிவனம் மண்டிக்கு ஓட்டிப் போவார்.

எங்கள் பக்கத்தில் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர்கள் ‘போறேன்’ என்று சொல்லக் கூடாது. ‘வர்றேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். அவர் அதிகம் பேசாத மனிதர். ஆனாலும் கொல்லைக்குப் போவதானாலும் ‘வர்றேன்’ என்று ஒரு குரல் கொடுக்காமல் வாசலைத் தாண்ட மாட்டார். நானும் உள்ளிருந்தே ‘ம்’ என்பேன்.

அந்த மாசிக் கிருத்திகையன்றும் அப்படித்தான் சொல்லிவிட்டு வெளியே போனார். நான் விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். மாட்டைப் பூட்டும்போது கயிறு வலக்கையிலிருந்து நழுவ, அப்படியே நுகத்தடிமேல் சாய்ந்தார். வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. மண்டிக்குப் போக வேண்டிய வண்டியிலேயே, மூட்டைகளை இறக்கிவிட்டு அவரைக் கிடத்தி, திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

சில நாள் வாயே திறக்கவில்லை. பிறகு ஒரு காலை, நெற்றியில் திருநீறு இட்டேன். என் முகத்தைப் பார்த்து, “வர்றேன்” என்றார். முருகா என்று வாய்விட்டு அழுதுவிட்டேன். பேச்சு வந்துவிட்டதே என்ற சந்தோஷம். ஆனால் தண்ணீருக்கும் வர்றேன், வலிக்கும் வர்றேன், மாட்டைப் பற்றிக் கேட்டாலும் வர்றேன். வேறு சொல் ஒன்றுமே இல்லை.

டாக்டரிடம் கேட்டேன்.

“மூளையில இடப்பக்கம் ரத்தம் ஓடாம அடைச்சிக்கிச்சும்மா. வலக்கையையும் வலக்காலையும் ஆட்டி வைக்கிறது அந்தப் பக்கந்தான். பேச்சும் அங்கதான் இருக்குது. யோசிச்சுப் பேசுற பேச்சு போயிடுச்சு. தினம் சொல்லிச் சொல்லி ஊறின ஒண்ணு மட்டும் நின்னுக்கினு இருக்குது. அதை வச்சுக்கினுதான் எல்லாத்தையும் கேக்குறாரு.”

வீட்டுக்கு அனுப்பும்போது இன்னொன்றும் சொன்னார். விழுங்குகிற நரம்பும் தளர்ந்திருக்கிறது, படுக்க வைத்து எதையும் வாயில் ஊற்றினால் நெஞ்சுக்குள் இறங்கி உயிருக்கே ஆபத்து, உட்கார வைத்துக் கூழைக் கெட்டியாகக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கொடுக்க வேண்டும் என்று.

ஊரில் யார் இதைக் கேட்கிறார்கள்? என் மாமியார் அந்த ஐப்பசியில்தான் காலமாகியிருந்தார். கண்டமங்கலத்திலிருந்து வந்த என் வீட்டுக்காரருடைய அக்கா, தம்பி வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டதும் நடுங்கிப் போனார்.

“அம்மா கூப்பிடுறாடி. இவன் பதில் சொல்லிக்கினு கெடக்குறான். இன்னும் எதுக்கு இழுத்துப் புடிச்சுக்கினு இருக்கே? ஆளுக்கு ஒரு வாய் பால் ஊத்தி, நிம்மதியா அனுப்பிடலாம்.”

அவர் கெட்டவர் இல்லை. தம்பி கஷ்டப்படக் கூடாது என்ற எண்ணம்தான். சொந்தக்காரர்களும் கூடிவிட்டார்கள். பால் தம்ளரோடு அவர் குனிந்தபோது நான் குறுக்கே உட்கார்ந்துகொண்டேன்.

“வேணாம் அண்ணி. இவரு போறேன்னு சொல்லல. தினம் சொல்லி ஊறின சொல்லுன்னு டாக்டரு சொன்னாரு.”

“டாக்டருக்கு இன்னாடி தெரியும்? எங்கம்மா கொரலு அவனுக்குத்தானே கேக்குது!”

“அப்போ அவரையே கேளுங்க.”

அவர் தம்பியின் காதருகே போய், “அம்மா கூப்பிடுதாப்பா?” என்று கேட்டார். என் வீட்டுக்காரர் இடக்கையை ஓங்கித் தம்ளரைத் தட்டிவிட்டார். “வர்றேன்!” என்று ஒரு அதட்டல். வரப்பில் மேய்கிற மாட்டை விரட்டும் அதே குரல். பால் பாயெல்லாம் ஓடியது. அக்கா முந்தானையால் தம்பியின் மோவாயைத் துடைத்தார். “கோவம் மட்டும் கொறையல பாரு” என்று சொல்லித் தேம்பினார். அன்று சாயங்காலம் அவரே கேப்பைக் கூழைக் கிண்டி, தம்பியைச் சுவரோடு சாய்த்து ஊட்டினார்.

அதன்பிறகு அந்த ஒரு சொல்லின் ராகங்களை நான் கற்றுக்கொண்டேன். இழுத்துச் சொன்னால் தண்ணீர். வெட்டிச் சொன்னால் வலி. முணுமுணுத்தால் வண்டிமாட்டைப் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டு மச்சான் முறைக்காரர், “இன்னா மாமா, வர்றேன் வர்றேன்னு எத்தினி நாளா சொல்றே? எயிந்து வாயேன், மண்டிக்குப் போலாம்” என்று கிண்டல் செய்வார். என் வீட்டுக்காரர் பாதி வாயால் சிரிப்பார். சிரிப்பு நிற்காமல் அப்படியே அழுகையாகிவிடும். பெற்ற தாய் செத்தபோதும் கண் கலங்காத மனிதர், கன்றுக்குட்டி கத்தினாலும் அழுதார். சிரிப்புக்கும் அழுகைக்கும் கடிவாளம் மூளையில்தான் இருக்கிறது, அதுவும் தளர்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னதாக எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

மறுவருஷம் மல்லாட்டை பிடுங்குகிற சமயம். விடிந்ததும் திருநீறு இட்டேன். என்னை நிமிர்ந்து பார்த்து, “வர்றேன்” என்றார். இழுக்கவும் இல்லை, வெட்டவும் இல்லை. வெகு சாதாரணமாகச் சொன்னார். தண்ணீர்தான் கேட்கிறார் என்று நினைத்து உள்ளே போனேன். சொம்போடு திரும்பி வந்தபோது மூச்சு நின்று, தலை சுவரோரம் சாய்ந்திருந்தது.

அது எந்த ‘வர்றேன்’ என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. தினம் சொல்லிச் சொல்லி ஊறிப்போன சொல் என்று டாக்டர் சொன்னது மெய்யாகவே இருக்கலாம். ஆனால் மற்ற சொற்களையெல்லாம் எடுத்துக்கொண்ட முருகன் இந்த ஒன்றை மட்டும் அவரிடம் விட்டுவைத்தது, என்னிடம் சொல்லாமல் அவர் வாசலைத் தாண்டிவிடக் கூடாது என்றுதானோ என்று எண்ணிக்கொள்கிறேன். அன்றைக்கு நான் ‘ம்’ என்று ஒரு பதில் சொல்லவில்லையே என்பதுதான் ஆறவில்லை.