மூட்டை இல்லாத மஞ்சள்

சைதாப்பேட்டையில் மசாலாப் பொடி அரைத்து விற்கிறேன். பதினெட்டு வருடமாக மஞ்சள் வாங்குகிறவள் நான். மழையில் பயிர் அழுகியதாகக் கேள்விப்பட்டதுமே விலை ஏறப்போவது எனக்குத் தெரிந்துவிட்டது.

கடைக்குப் பொடி வாங்க வரும் விளைபொருள் சந்தை புரோக்கர், "ஃபியூச்சர்ஸ்ல வாங்கிப் போடுக்கா. பின்னாடி எடுக்கப்போற மஞ்சளுக்கு இன்னிக்கு வெலைல ஒப்பந்தம். முழு துட்டு வேணாம், பத்துல ஒரு பங்கு கட்டினா போதும். மூட்டைய தூக்கினு அலைய வேணாம்," என்றார். வளையல்களை அடகு வைத்து ஐந்து டன் மஞ்சளுக்கு முன்பணம் கட்டினேன். நடுவில் விலை இறங்கினால் என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுவாரம் மயிலாப்பூரில் ஒரு கல்யாணம். போன் கைப்பையில் கிடந்தது. அந்த வாரம் முழுக்க விலை இறங்கி என் முன்பணத்தைத் தின்றிருக்கிறது. உடனே மேற்கொண்டு பணம் கட்டச் சொல்லி புரோக்கர் ஆபீஸிலிருந்து நான்கு முறை அழைத்திருக்கிறார்கள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் பார்த்தால், என் ஒப்பந்தத்தை அவர்களே விற்று முடித்திருந்தார்கள்.

"ரூல்ஸ் அப்டிக்கா. நான் இன்னா பண்றது?" என்றார் புரோக்கர்.

பத்தே நாளில் நான் நினைத்தபடியே விலை ஏறியது. அந்த ஏறிய விலை கொடுத்துத்தான் கடைக்கு மஞ்சள் வாங்கினேன். வளையல்களை இன்னும் மீட்கவில்லை.

இப்போதும் விலை ஏறும் என்று தோன்றினால் வாங்கத்தான் செய்கிறேன். முழுப் பணம் கொடுத்து இரண்டே மூட்டை. விலை இறங்கினால் இறங்கட்டும். நான் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது மூட்டை வைத்த இடத்திலேயே இருக்கும்.

– சைதாப்பேட்டை வாசகி