முட்டை அட்டையில் பாசிமணி

நேற்று நடந்தவை:
1. சேலத்தில், ரேடியோப் பட்டறைக்கு ரெசிஸ்டர்கள் போட்டுவைக்க, அறை அறையாகத் தடுத்த பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்கினேன்.
2. வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன்.
3. ரெசிஸ்டர்களை மறந்துவிட்டேன்.

நான் தேடியது அட்டையும் கோழித்தீவனமும் கலந்த வாசனை. அக்காவின் பாசிமணிகள் முட்டை அட்டையில்தான் இருந்தன. நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிற வீட்டில் வேறெதில் இருக்கும், சொல்லுங்கள். குழிக்கு ஒரு நிறம். இதைவிட நல்ல பெட்டியை டிப்ளமோ முடித்த நானும் இதுவரை வரைந்ததில்லை.

மற்றக் கருவிகளுக்கும் செலவில்லை. லாரி பாடி கட்டும் மாமா கழித்துப்போட்ட சின்னக் குறடு, எரிந்துபோன மோட்டாரில் உருவிய செம்புக்கம்பி, தறிக்கார வீட்டுத் தோழி தந்த பட்டு நூல். நூல் நுனியில் மெழுகு தேய்த்தால் ஊசியே வேண்டாம். திருச்செங்கோட்டுத் தேருக்குப் போனால் பாசி வாங்குவோம். நான் நிறம் பிரிப்பேன், அக்கா கோப்பாள். பேச்சும் அப்படித்தான். நான் ஏதாவது எடுத்துக் கொடுப்பேன், அவள் கோத்துக்கொண்டே போவாள்.

கல்யாணம் நிச்சயமானதும் சிவப்பில் ஐந்து சர மாலை ஒன்றைத் தொடங்கினாள். புகுந்த வீட்டுக்குப் போகும்போது போட்டுக்கொள்ள. அம்மா முகம் சுளித்தாள்.

"நகையெல்லாம் அவிங்க கேட்டதுங்கம்மா. இது ஒண்ணுதான் நான் கேட்டது" என்றாள் அக்கா.

பண்ணையில் ஒரு வழக்கம் உண்டு. கீறல் விழுந்த முட்டைகளை அட்டையில் அடுக்கி, மேலே இன்னோர் அட்டையைக் கவிழ்த்து, சணலால் கட்டி லாரி டிரைவருக்குக் கொடுப்பார்கள். பாசி சிந்தாமல் இருக்க அக்காவும் அப்படியேதான் கட்டிவைப்பாள். கண்ணாடிப் பாசியும் ஏறக்குறைய முட்டைக் கனம். கல்யாணத்துக்கு முந்தைய வாரம், பாலக்காட்டு லோடு கிளம்பும் அவசரத்தில், அப்பா அக்காவின் பாசிக்கட்டை முட்டை என்று நினைத்து எடுத்து டிரைவரிடம் நீட்டிவிட்டார். போன லாரி அச்சு முறிந்து அங்கேயே நின்றது.

அப்பா கடை கடையாக ஏறி இறங்கினார். அந்தச் சிவப்பு கிடைக்கவில்லை. கல்யாணம் முடிந்ததும் அக்கா குறை மாலையைப் பவுடர் டப்பாவில் வைத்துவிட்டுப் புகுந்த வீட்டுக்குக் கிளம்பினாள்.

அவள் போன பிறகுதான் டிரைவர் வந்தார். "ஏனுங்கண்ணா, ஆம்லேட் போடலாம்னு பிரிச்சனுங்க. நல்லவேள, என்ர பல்லு தப்பிச்சுது."

அப்பா சிரிக்கவில்லை. "முன்னாடியே வந்திருந்தீன்னா பண்ணை முட்டை பூராத்தையும் குடுத்திருப்பன் சாமி."

எல்லா நிறமும் ஒன்றாகக் கலந்திருந்தது. தனியே உட்கார்ந்து பிரித்தேன்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் அக்கா வரும்போது அட்டையை எடுத்து வைப்பேன். அவள் சிவப்பு மணிகளை விரலால் ஒருமுறை அளைவாள். "அடுத்த வாட்டி கோக்கலாங் கண்ணு. பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்பாள்.

பண்ணையை விற்றாகிவிட்டது. அட்டை போன மழையில் நனைந்து குழைந்துவிட்டது. சிவப்பு மணிகள் இப்போது பிளாஸ்டிக் பெட்டியின் முதல் அறையில் இருக்கின்றன. அக்காவின் மாலையில் இரண்டு சரம் பாக்கி.