பவர் மெட்டலும் என் அப்பாவின் தொண்டையும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஜோயலிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு லிங்க் வந்தது. ஜோயல் நாகர்கோவில்காரன். வேளச்சேரியில் என்னோடு நான்கு வருஷம் ஒரே அறையில் கிடந்தவன், இப்போது கனடாவில் இருக்கிறான். நாங்கள் அறையில் உட்கார்ந்து செய்த ஒரு பாட்டை யாரோ யூடியூபில் ஏற்றியிருக்கிறார்களாம். ஈரச்சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டேன். தடதடவென்று டிரம்ஸ், அதன் மேல் இரண்டு கிட்டார், நடுவில் எல்லாம் அடங்கி ஒரு ஆண் குரல் மட்டும் வார்த்தையில்லாமல் மேலே மேலே ஏறிப்போகிறது. வீடியோவுக்குக் கீழே கமெண்ட்டுகளில் அந்தக் குரலைப் பற்றித்தான் சண்டை. பல்கேரியாவில் ஆடு மேய்ப்பவர் என்கிறார் ஒருவர், துருக்கி என்கிறார் இன்னொருவர். ஏற்றியவர் ஆங்கிலத்தில் ‘குரல்: யாரென்று தெரியவில்லை’ என்று எழுதிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அது என் அப்பாவின் குரல். வடக்கனந்தல் பக்கத்தில் எங்கள் ஊரில் இருக்கிறார், வயது எழுபத்திரண்டு.

பவர் மெட்டல் என்றால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். கேட்காவிட்டாலும் சொல்வேன். ஒரு காலத்தில் கேட்காதவர்களைப் பிடித்து வைத்துச் சொல்வதுதான் எனக்கு வேலையாக இருந்தது. எண்பதுகளில் ஜெர்மனியில் சில இளைஞர்கள் ஆரம்பித்து வைத்தது என்று சொல்வார்கள். அமெரிக்காவிலும் அதே சமயம் கொஞ்சம் முரட்டுத்தனமாக ஒரு வகை ஓடிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தின் ஹெவி மெட்டல் குழுக்களிடமிருந்து இரண்டு கிட்டார்கள் ஜோடி சேர்ந்து மெட்டு வாசிக்கிற பழக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். வேகத்தைக் கூட்டினார்கள். பழைய ஐரோப்பிய சாஸ்திரிய சங்கீதத்தில் வயலின் ஓடுகிற ஓட்டத்தைக் கிட்டாரில் ஓட விட்டார்கள். டிரம்ஸ்காரர் இரண்டு காலாலும் மாற்றி மாற்றி மிதித்து உறுமவைப்பார். கோரஸ் வரும்போது சர்ச்சில் நிற்கிற மாதிரி இருக்கும். இத்தனைக்கும் மேலே, தொண்டை கிழிந்துவிடுமோ என்று நாம் பயப்படுகிற உயரத்தில் ஒரு குரல். அது பாடுவதெல்லாம் ராஜா, வாள், சபதம், தோற்றாலும் பின்வாங்காத வீரன்.

இதையெல்லாம் ‘பவர் மெட்டலின் வேர்கள்’ என்று ஒரு பிளாகில் ஐந்து பகுதியாக எழுதினேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் மே மாத வெயிலில் கறுப்பு டிசர்ட்டும், மண்டை ஓடு போட்ட மோதிரமுமாக நின்றவன் நான். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு போகிற டிராக்டர்காரர் ஒருவர் என்னைப் பார்த்து, எழவு வீட்டுக்குப் போகிறாயா தம்பி என்று அக்கறையாகவே விசாரித்தார்.

ராஜா, வாள், சபதம் என்று மேலே சொன்னேன் இல்லையா? என் அப்பா செய்ததும் அதேதான். பகலில் அடுத்தவர் நிலத்தில் கரும்பு வெட்டுவார், பங்குனி பிறந்தால் கூத்துக்குப் போய்விடுவார். ராஜா வேஷம், அதுவும் கடைசியில் தோற்று விழுகிற ராஜா. தோளில் புஜக்கட்டை, முகத்தில் சிவப்பு அரிதாரம். கல்வராயன் மலையில் கரண்டு வராத ஊர்களுக்கெல்லாம் போய் அப்போது மைக் இல்லாமலே பாடிவிட்டு வருவார். மறுநாள் காதோரம் அரிதாரம் சரியாகப் போகாமல் இருக்கும், தேங்காய் எண்ணெய் வாசனை அடிக்கும். அதே வாசனையோடு என் பள்ளிக்கூடத்துக்கு ஒருமுறை வந்துவிட்டார். அன்றிலிருந்து பிளஸ் டூ முடிக்கிறவரை எனக்குப் பெயர் ‘கூத்தாடி மவன்’. அப்பா மேல் வந்த கோபம் அந்தப் பையன்கள் மேல் வரவில்லை. ஏன் வரவில்லை என்று இன்றைக்கு யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்தப் பாட்டு உருவான வருஷம் நான் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தேன். வடக்கனந்தல் பக்கம் ஒரு அம்மன் கோயிலில் படுகளம், ராஜா தோற்று விழுகிற கூத்தின் கடைசி நாள். காலை பத்து மணி வெயில், வெட்டவெளியில் மண்ணால் பெரிய ராஜா உருவம் செய்து படுக்கவைத்திருந்தார்கள். அம்மா துணைக்குக் கூப்பிட்டதால்தான் போனேன். அப்பா வந்தார். கூத்தில் ராஜா சும்மா வந்து நின்றுவிட முடியாது. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வழிமறித்து ‘நீர் யார், எந்த ஊர்’ என்று கேட்பான், ராஜா தன் பேரும் குலமும் சொல்லித்தான் ஆட வேண்டும். அப்பா சொல்லி முடித்ததும் கட்டியங்காரன் கேலியாக, இந்த ராஜாவை நேற்று கரும்புக்கொல்லையில் பார்த்தேனே என்று அவருடைய சொந்தப் பேரையும் ஊரையும் சொன்னான். ஜனங்கள் சிரித்தார்கள். பிறகு அப்பா வாயைத் திறந்து அந்த ‘ஆ’வை எடுத்தார். எனக்குக் கைமயிர் நின்றது. நான் ஐந்து பகுதி எழுதிய விஷயம் எதிரே சலங்கை கட்டி நிற்கிறது. புதிதாக வாங்கிய போனில் பதிவு செய்தேன். அப்பா பார்த்துவிட்டார். எம் மவன் மெட்ராசுல போட்டுக் காட்டறதுக்கு எடுக்கறான் என்று அன்றைக்கெல்லாம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அறைக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, கட்டியங்காரன் பேசுகிற முன்பகுதியை வெட்டி எறிந்தது. அப்பாவின் பேர், ஊர், கரும்புக்கொல்லை, ஜனங்களின் சிரிப்பு எல்லாம் போய், வார்த்தையில்லாத அந்த ஏற்றம் மட்டும் மிஞ்சியது. மிஞ்சியதை ஒருநாள் ஜோயல் கேட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

“லேய், இது யாருல பாடுறது?”

“நெட்ல கெடச்சுது. ஏதோ வெளிநாட்டு நாட்டுப்பாட்டு. யாருன்னு தெரியல.”

யோசிக்கக்கூட இல்லை, தண்ணீர் குடிப்பது போல வந்தது. உங்க ஊர்ப் பக்கம் இப்படி ஒண்ணும் கிடையாதா என்று ஜோயல் கேட்டதற்கு, எங்கள் ஊரில் கரும்புதான் உண்டு என்று சொல்லிச் சிரித்தேன். ஜோயல் நல்லவன். சின்ன வயதில் சர்ச்சில் பாடியவன், தன் மாமா அங்கே கீபோர்டு வாசிப்பதைப் பெருமையாகச் சொல்வான். அவனிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அடுத்த பஸ்ஸைப் பிடித்து அப்பாவைப் பார்க்கக் கிளம்பியிருப்பான். அதுதான் எனக்குப் பயம். அவன் அந்தக் குரலை வைத்துப் பாட்டு கட்டினான், நண்பர்கள் கைமாற்றிக் கைமாற்றிக் கேட்டார்கள். அசல் பதிவை நான் அழித்துவிட்டேன்.

லிங்க் வந்த அன்று மாலை, வெகு தைரியமாக, யூடியூபில் அப்பாவின் பேரையும் ஊரையும் எழுதினேன். ஒரு மணி நேரத்தில் ஏற்றியவரிடமிருந்து பதில் வந்தது. மரியாதையாகத்தான் கேட்டிருந்தார்: ஆதாரம் ஏதாவது உண்டா, அவர் பாடிய வேறு பதிவு இருக்கிறதா? இல்லை. அப்பாவின் கூத்துக் குழுவில் வேறு யாரும் எதையும் பதிவு செய்து வைக்கவில்லை. கட்டியங்காரன் போய்ச் சேர்ந்துவிட்டார். இருந்த ஒரே சாட்சியை வெட்டியவன் நான்தான்.

மறுநாள் ஊருக்குப் போனேன். அப்பா வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முன்பற்கள் இல்லை, நாலு வார்த்தை பேசினால் இருமல். விவரம் எதுவும் சொல்லாமல் போனை அவர் காதருகே வைத்தேன். தொடையில் தாளம் போட்டபடி கேட்டார்.

“அந்த எடத்துல மூச்சு வாங்கிட்டேன் பாரு. அன்னிக்கு சளி ஜாஸ்தி,” என்றார்.

கொஞ்சம் பாடுங்கப்பா, எடுத்துக்கறேன் என்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை முயன்று பார்த்துவிட்டு, போதும்டா என்று துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். மலையூர்களில் மைக் கேட்காத அந்தக் குரல் இனி இந்த உலகத்தில் எங்கேயும் இல்லை, ஜோயலின் டிரம்ஸுக்கு நடுவே இருக்கிற அந்தச் சொச்சம் தவிர.

அவர் போனை வாங்கித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது.

“எம் பேரு எங்க போட்டுக்கறாங்க?”

குரல் யாருடையதென்று தெரியவில்லை என்று எழுதியிருந்த வரியின் மேல் விரலை வைத்துக் காட்டினேன். அப்பா அதைக் கண்ணைச் சுருக்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

“இனிஷியலோடயா?”

“ஆமாப்பா,” என்றேன், “இனிஷியலோடதான்.”