புது நடை

புதுத் தார்ப்பாய்க்கென்று ஒரு வாடை உண்டு. மண்ணெண்ணெய் இல்லை, ரப்பரும் இல்லை, இரண்டுக்கும் நடுவே தொண்டையில் போய் ஒட்டிக்கொள்கிற ஏதோ ஒன்று. போன வாரம் அறந்தாங்கிக் கடைத்தெருவில் ஒருவர் லாரியின் மேல் நின்று தார்ப்பாயை விரித்து உதறினார். வெயிலும் வாடையும் சேர்ந்து முகத்தில் விழ, நடுத்தெருவில் நின்றுவிட்டேன். பின்னால் பைக்கில் வந்தவர் ஹாரனை அழுத்தி, "என்னங்க, ரோட்டுல நின்னு கனவா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கனவில்லை ஐயா. அந்த வாடை எங்களைத் தீவிரவாத விசாரணையின் வாசல்வரைக்கும் கூட்டிப்போயிருக்கிறது.

புயலடித்த வருஷம். தென்னைகள் படுத்துக் கிடந்தன. ஓடு பறந்த வீடுகள் வானத்தைப் பார்த்து வாய் பிளந்திருந்தன. எங்கள் அறக்கட்டளை அப்போதே இருந்தது. அறக்கட்டளை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு வேன். சிறுநீரகம் பழுதானவர்களைச் சுற்றுக் கிராமங்களில் ஏற்றி, டயாலிசிஸுக்குப் புதுக்கோட்டை கொண்டுபோய், முடிந்ததும் அவரவர் வாசலில் இறக்கிவிடும். தலைவர் என் அண்ணன் மனைவி. எங்கள் பக்கம் அத்தாச்சி என்போம். கீரமங்கலத்தில் மூட்டை மூட்டையாகப் பூ வாங்கி வெளியூருக்கு அனுப்புகிறவர். அவர் குரல் எழுந்தால் மார்க்கெட்டே வழிவிடும். செயலாளர் நான். எனக்கு எழுத வரும், அவ்வளவுதான் தகுதி.

அந்தப் புயலில் எங்கள் நோயாளிகளின் கூரைகளும் போயின. எங்கோ வடக்கே ஒரு பெருநகரத்துத் தொண்டு நிறுவனம் லாரி நிறையத் தார்ப்பாய் கொண்டுவந்து இறக்கியது. நீலம், நீலம், எங்கு பார்த்தாலும் நீலம். ஊசி குத்திக் குத்தி உடம்பு சலித்துப்போனவர்கள் அந்த நீலத்துக்குக் கீழே நனையாமல் தூங்கினார்கள்.

சில வருஷம் கழித்து அதே நிறுவனம் நிவாரணப் பணிக்கென்று நன்கொடை கேட்டு எழுதியது. கமிட்டி கூடியது. அத்தாச்சி ஒரே பேச்சில் முடித்தார். "நமக்குச் செஞ்சவங்க கேக்குறாங்க. செய்யாம இருந்தா மூஞ்சியில முழிக்க முடியுமா?"

எங்கள் பக்கத்து மொய்விருந்தும், செய்முறை என்கிற கொடுக்கல் வாங்கலும் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். ஒருவர் நமக்குச் செய்ததைத் திருப்பிச் செய்வது பழைய நடை. அதற்குமேல் கூட்டிப் போடுவது புது நடை. வாங்கிய அளவுக்கே திருப்பிக் கொடுத்தால் உறவு முடிந்தது என்று அர்த்தம். ஆகவே தார்ப்பாயின் மதிப்புக்குமேல் கொஞ்சம் கூட்டியே காசோலை எழுதினோம். காசோலை மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. கூடவே என் கடிதமும் போனது. எழுத வரும் அல்லவா! எழுதினேன்: "பழைய நடை முடிந்தது. இனிப் புது நடை தொடங்குகிறது. உங்கள் அடுத்த விசேஷத்துக்குத் தகவல் கொடுங்கள், ஆட்களோடு வருவோம்."

எழுதிவிட்டு நானே இரண்டு தரம் படித்து ரசித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு ஒருநாள், அந்த நிறுவனம் தர்மக் காசை ஆயுதக் குழுக்களுக்குத் திருப்பிவிட்டது என்று அரசு கண்டுபிடித்து, அதன் வரிவிலக்கை ரத்து செய்தது. அவர்கள் அலமாரிகளை அதிகாரிகள் திறந்தபோது உள்ளே என் கடிதம். யாரோ அதை ஆங்கிலமாக்கினார்கள். தமிழில் நடையாக இருந்தது ஆங்கிலத்தில் இயக்கமாகிவிட்டது. பழைய இயக்கம் முடிந்தது, புதிய இயக்கம் தொடங்குகிறது, அடுத்த நிகழ்வுக்கு ஆட்களோடு வருகிறோம்! என் வாழ்நாளில் இத்தனை கவனமாக யாரும் என் உரைநடையைப் படித்ததில்லை.

திருச்சி வருமானவரி அலுவலகத்திலிருந்து எங்களுக்கு நோட்டீஸ் வந்தது. உங்கள் வரிவிலக்கை ஏன் ரத்து செய்யக்கூடாது? வேன் ஓடுவது வளைகுடாவில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளாலும், வரிச்சலுகை ரசீது கேட்டே கொடுக்கிற சில கம்பெனிகளாலும். சலுகை போனால் கம்பெனிகள் நிற்கும், வேனும் நிற்கும். சேதி எப்படிப் பரவியதோ, ஒரு நோயாளியின் மனைவி போன் செய்தார். "திங்கக்கெழமை வேன் வந்துருமுல்ல?" வரும் என்றேன். போனை வைத்ததும் ஆடிட்டரைத் தேடிப் போனேன்.

ஆடிட்டர் எச்சரித்தார். "செய்முறைங்கிற வார்த்தையே வாயில வரக்கூடாது. திருப்பிக் குடுத்தோம்னு சொன்னா அது தர்மமே இல்லைன்னு ஆயிரும். மனிதாபிமான உதவின்னு மட்டும் சொல்லுங்க." மனிதாபிமானத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதினேன். திருச்சிக்குப் போகிற பஸ்ஸில் அத்தாச்சிக்கு வாசித்தும் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு கவிஞரே," என்றார், ஜன்னல் பக்கம் பார்த்தபடி. "போன லெட்டரும் நல்லாத்தான் இருந்துச்சு."

விசாரித்த அதிகாரிக்கு ஓய்வை நெருங்கிய வயது, சென்னைக்காரர். கோபமில்லாத முகம், அதுதான் பயமாக இருந்தது.

"வாங்கினதைவிட அதிகமா ஏம்மா அனுப்பினீங்க?"

நான் தொண்டையைச் செருமி, "ஐயா, மனிதாபிமானம் என்பது..." என்று ஆரம்பித்தேன்.

"தம்பி, செத்த சும்மா இருங்க," என்றார் அத்தாச்சி. "சார், அது செய்முறை."

போச்சு, என்று நினைத்தேன்.

"சரிக்குச் சரி செஞ்சா, இனி ஒன் வாசல மிதிக்க மாட்டேன்னு சொல்ற மாதிரி சார். அதான் கூடப் போடுறது. அதுக்குப் பேருதான் புது நடை."

"அப்ப இந்த விசேஷம்?"

"கல்யாணம், காதுகுத்து, என்னமோ ஒண்ணு."

"ஆட்களோட வர்றது?"

"வேன்லதான் சார். இருபது பேரா வருவோம். சாப்பாட்டுக்கு."

பக்கத்து மேசைக்காரர் ஃபைலைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அதிகாரி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். "கேட்டாங்கன்னு குடுத்தீங்க. அவங்க அதை வச்சு என்ன செய்றாங்கன்னு விசாரிச்சீங்களா?"

அத்தாச்சியின் குரல் இறங்கியது. மார்க்கெட்டே வழிவிடுகிற குரல் அது.

"இல்ல சார். மொய் வாங்குனவன் அத வச்சு என்ன பண்றான்னு எங்க ஊருல கேக்குறதில்ல. கேட்டா அசிங்கம். அந்தப் பழக்கத்த இதுலயும் கொண்டாந்துட்டோம். தப்புத்தான்." பிறகு குரல் உயர்ந்தது. "அவங்க சலுகைய எடுத்தீங்கள்ல, நல்லது. தர்மம்னு நம்பி வரிய விட்டுக்குடுத்தா, அதுல துப்பாக்கி வாங்குறவன சும்மா விடலாமா? நாங்க போட்டதுலயும் ஒரு தோட்டா இருக்குமோன்னு எனக்குச் சோறு எறங்கல. எங்களுதையும் எடுக்கணும்னா எடுங்க சார். ஆனா வேன் நிக்காது. பூ வித்து ஓட்டுவேன்."

என் மூன்று பக்கமும் பையைவிட்டு வெளியே வரவில்லை. வராததில் எனக்கு அப்படி ஒரு பெருமை. நான் அடைமொழி அடைமொழியாக அடுக்கித் தேடிய நடை, செருப்பில் மண்ணோடு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. இவர் எங்கள் வீட்டு மனுஷி, எங்கள் அத்தாச்சி என்று அந்த அறையில் எல்லோரிடமும் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

இனி இப்படி நடக்காது என்று தீர்மானம் போட்டு எடுத்து வரச் சொன்னார் அதிகாரி. நான் எழுதியதை அத்தாச்சி ஒதுக்கிவிட்டு, தானே இரண்டு வரி எழுதினார்: "வேனுக்கு வந்தது வேனுக்கே. அறக்கட்டளை யாருக்கும் செய்முறை செய்யாது."

அடுத்த மாதம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பல வாரம் கழித்து மறுபடி அழைத்தார்கள். உத்தரவு தயாராக இருந்தது. எங்கள் வரிவிலக்கு நீடிக்கும், ஓர் எச்சரிக்கையோடு. "அவங்களோடது போனது போனதுதான்," என்றார் அதிகாரி. "அப்புடித்தான் சார் இருக்கணும்," என்றார் அத்தாச்சி. நான் அங்கேயே போனை எடுத்து அந்த நோயாளியின் மனைவிக்கு, திங்கட்கிழமை மட்டுமல்ல, எல்லாக் கிழமையும் வேன் வரும் என்று சொன்னேன்.

கதவுவரை போன அத்தாச்சி திரும்பினார். "அறந்தாங்கிப் பக்கம் வந்தா வீட்டுக்கு வாங்க சார். ஒரு வாய் சாப்புட்டுப் போகலாம்."

அதிகாரி அன்றுதான் முதன்முறையாகச் சிரித்தார். "சாப்பிட்டா, திருப்பிச் செய்யணுமேம்மா?"

"தயவுசெஞ்சு செஞ்சுறாதீங்க சார். அப்பறம் நாங்க கூடச் செய்யணும்."