பாட்டுக்காரங்க வீட்டு விருந்தாளி

பிள்ளைகளா, போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, தோசையைப் பாதியில் வைத்துவிட்டு நான் எழுந்து போனேன். "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டீர்கள். "ஒண்ணுமில்ல" என்றேன். அது பொய். கைப்பேசியில் அப்போதுதான் படித்தேன். பத்தொன்பது வருடமாக நான் கேட்டுவந்த இசைக்குழு கலைகிறதாம். மறுநாள் மதியம் தங்காக் ஊரில் ஒரு கல்யாண விருந்தில் வாசிப்பதோடு சரி.

விஷயம் தெரிந்ததும் மூத்தவள் சொன்னாள், "வேற குரூப்பு எத்தனையோ இருக்குல்லப்பா." சின்னவன் சிரித்தான். அதில் தப்பில்லை. அந்தக் குழுவினர் சினிமாவில் வாசித்தவர்கள் இல்லை. ஜொகூர் மாநிலத்தில் கல்யாணம், காதுகுத்து, இருபத்தொன்றாம் பிறந்தநாள் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் வாசித்த ஐந்து பேர்.

முதல்முதலாக அவர்களைக் கேட்டது என் கல்யாண விருந்தில்தான். குழு எனக்குப் பின்னால் இருந்தது. மாப்பிள்ளை திரும்பிப் பார்க்கக் கூடாதல்லவா? நின்ற இடத்திலேயே காலால் தாளம் போட்டேன். உங்கள் அம்மா என் கையைக் கிள்ளி, "போட்டோ எடுக்கிறாங்க, ஆடாதீங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அவர்கள் எங்கே வாசித்தாலும் போவேன். தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்பவரின் மச்சினன் கல்யாணம், அந்த மச்சினனின் நண்பன் கல்யாணம் என்று ஒன்றையும் விடமாட்டேன். மூன்றாவது வரிசையில் உட்காருவேன். குழுவின் பாடகி குரல் மேலே ஏறி இறங்கும்போது, வாரம் முழுக்க இயந்திரச் சத்தம் கேட்ட காதைக் கழுவி விட்ட மாதிரி இருக்கும். ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. நன்றி என்று ஒன்று சொல்லியிருக்கலாம். அடுத்த முறை, அடுத்த முறை என்றே போய்விட்டது. இனி அடுத்த முறை இல்லை என்றதும்தான் தோசை இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கிளம்பினேன்.

"யாரு வீட்டுக் கல்யாணம்?" என்றாள் உங்கள் அம்மா.

"தெரியல."

"பொண்ணு பேராச்சும் தெரியுமா?"

"தெரியல."

"அலமாக்! சரி, சட்டையாச்சும் நல்லதாப் போட்டுட்டுப் போங்க."

நம்ம ஊர் மாசாயிலிருந்து தங்காக் வரை மோட்டார் சைக்கிளில் போய் இறங்கியபோது இடுப்பு என்னுடையதாகவே இல்லை. மண்டப வாசலில் பெண்ணின் அப்பா நின்றுகொண்டிருந்தார். பரிசுப் பொட்டலத்தை நீட்டினேன்.

"வாங்க வாங்க. பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ரெண்டுமில்லைங்க. பாட்டுக்காரங்க வீடு," என்றேன்.

அவர் ஒரு நிமிடம் என்னை மேலும் கீழும் பார்த்தார். திருப்பி அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். விவரத்தைச் சொன்னதும் பெரிதாகச் சிரித்துவிட்டார். "எங்காளுங்க எல்லாம் பிரியாணியப் பாத்துதான் கைதட்டுவாங்க. பாட்டக் கேக்க ஒரு ஆளாச்சும் வந்தீங்களே! முன்னால போய் உக்காருங்க லா."

கீபோர்டுக்காரருக்கும் பாடகிக்கும் சண்டை, அதனால்தான் கலைகிறது என்று கைப்பேசியில் பலரும் எழுதியிருந்தார்கள். அதனால் பாட்டைக் கேட்டதைவிட அவர்கள் முகத்தைத்தான் அதிகம் பார்த்தேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. சண்டை உண்மைதான் என்று நினைத்தேன். நாலாவது பாட்டில் பாடகிக்கு இருமல் வந்துவிட்டது. கீபோர்டுக்காரர் தலையைத் தூக்காமலே இடையிசையை இழுத்தார். அவர் இழுக்கிறார் என்று தெரிந்ததும் தபேலாக்காரர் அதற்கு ஏற்றபடி வாசித்தார். பாடகி நிதானமாகத் தண்ணீர் குடித்து, தொண்டையைச் சரிசெய்து, சரியான இடத்தில் வந்து சேர்ந்தார். மண்டபத்தில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அங்கேதான் எனக்கு மூச்சு வந்தது.

விருந்து முடிந்து ஐந்து பேரும் மேடைக்குப் பக்கத்து மேசையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். வழியெல்லாம் நன்றி சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தவன், பக்கத்தில் போனதும் தண்ணீர்ச் சொம்பை அவர்கள் பக்கம் நகர்த்தி மட்டும் வைத்தேன். பாடகிதான் முதலில் பேசினார்.

"அண்ணே, நீங்க அந்த மூணாவது வரிசை அண்ணன்தானே?"

கீபோர்டுக்காரர் சிரித்தார். "அஞ்சாறு வருஷமா உங்கள வேற குரூப்பு அனுப்புன உளவாளின்னு நெனச்சிட்டிருந்தோம்ணே. எவன் கல்யாணத்துக்குப் போனாலும் உக்காந்திருக்கீங்க. சோத்தத் தொடாம எங்களையே மொறைக்கிறீங்க!"

"மொறைக்கலைங்க," என்றேன். "ரசிச்சேன்."

"மூஞ்சி அப்படித் தெரியலையே," என்றார் தபேலாக்காரர்.

தைரியம் வந்து கேட்டேன், சண்டையா என்று. பாடகி மறைக்கவில்லை. "சண்டையும் போட்டோம், பேசியும் முடிச்சிட்டோம். அது இல்லண்ணே காரணம். பத்தொம்பது வருஷமா எந்த ஞாயித்துக்கெழமையும் நாங்க வீட்ல சாப்பிட்டதில்ல. எம்புள்ள சோறு ஊட்டுற வயசத் தாண்டியே போயிட்டான். இனிமே வீட்லயே நாலு புள்ளைங்களுக்குப் பாட்டு சொல்லித் தரலாம்னு இருக்கேன்."

எனக்கு என்னவோ மாதிரி ஆகிவிட்டது. என் சந்தோஷமான ஞாயிறுகள் எல்லாம் அவர்கள் வீட்டில் அவர்கள் இல்லாத ஞாயிறுகள். இதை ஒருநாளும் நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. என் குழு போகிறதே என்று அழ வந்தவனுக்கு, இவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள் என்று நினைத்ததும் மனசு லேசானது. பிள்ளைகளா, நமக்குப் பிடித்தவர்கள் நமக்காக மட்டும் இருப்பதில்லை. அவர்களுக்கு இனி நல்ல காலம் வரட்டும் என்று நினைக்க முடிந்தால், பிரிவு அவ்வளவாக வலிப்பதில்லை. எனக்கு அன்று அப்படித்தான் இருந்தது.

மனப்பாடம் செய்த நன்றி கடைசிவரை வாயில் வரவில்லை. "நல்லா சாப்பிடுங்க," என்று மட்டும் சொன்னேன்.

"சாப்டுட்டு இந்த வயரையெல்லாம் வேற சுத்தணும்ணே. வீடு போய்ச் சேர ராத்திரி ஆயிடும்," என்றார் கீபோர்டுக்காரர்.

விடைபெற்று வெளியே வந்தேன். வண்டிச் சாவியைக் கையில் எடுத்தவன், மண்டபத்தைச் சுற்றிப் பின்கதவு வழியாக மேடைக்கு ஏறினேன். திரை பாதி மூடியிருந்தது. அந்தப் பக்கம் அவர்கள் பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. கருவி எதையும் தொடவில்லை. மைக் வயர்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கழற்றி, முறுக்கு விழாமல் சுற்றி, கட்டி, பெட்டிக்குள் வரிசையாக வைத்து மூடினேன்.