உடம்பு வலிக்குப் பேதி உப்பு

இன்னைக்குக் காலையில பெரட்டுல வேலையாளுங்க பேரைக் கூப்பிட்டப்போ மாரியப்பன் வரல. ரப்பர் தோட்டத்து லயத்துல, வரிசை வீடுகள்ல, அவன் எனக்குப் பக்கத்து வீடு.

நேத்து சாயங்காலத்திலேருந்து அவனுக்கு நிக்காம வயித்தால போகுது. "யார்கிட்டயும் சொல்லிடாதண்ணே"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டான். தெரிஞ்சா காலரான்னு காட்டோரத் தனிக்கொட்டாயில கொண்டுபோய்ப் போட்டுடுவாங்க. அங்க போனவங்க திரும்பி வந்து நாங்க பார்த்ததில்ல.

அதனால தோட்டத்துல மருந்து குடுக்கிற டிரெசர்கிட்ட, "அவனுக்கு உடம்பு வலிங்கய்யா, எந்திரிக்க முடியல"ன்னு சொன்னேன்.

எங்க தோட்டத்துல உடம்பு வலி, தலைவலி, காய்ச்சல் எல்லாத்துக்கும் ஒரே மருந்து பேதி உப்புதான். ரத்தம் சுத்தமாகுமாம், தெம்பு வருமாம். குடிச்சா நோயாளி. குடிக்க மாட்டேன்னா வேலைக்கு டிமிக்கி குடுக்கிறவன்.

கரைச்ச உப்பை ஒரு குவளை நெறைய எடுத்துக்கிட்டு டிரெசரே என்கூட லயத்துக்கு வந்துட்டார்.

மாரியப்பன் குவளையைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

நான் அவன் தலையைத் தூக்கிப் பிடிச்சேன்.

மூச்சைப் பிடிச்சுக்கிட்டு முழுசும் குடிச்சான். "நல்ல பிள்ளை, நாளைக்குப் பால்மரம் வெட்ட வந்துடுவான்"ன்னு சொல்லிட்டு டிரெசர் போயிட்டார்.

மத்தியானம் நான் பாலை நிறுத்துக் கொடுத்துட்டு லயத்துக்குத் திரும்பினப்போ, அவன் பொண்டாட்டி வாசல்ல விழுந்து அழுதுகிட்டிருந்தா.

டிரெசர் மறுபடியும் வந்தார். உள்ள எட்டிப் பார்த்தார், கைக்குட்டையால மூக்கைப் பொத்திக்கிட்டார். என்னைத் தனியா கூப்பிட்டு மெதுவா கேட்டார்:

"ஏம்பா, உடம்பு வலியில யாராவது சாவாங்களா?"

உங்க யாருக்காவது பதில் தெரிஞ்சா எழுதுங்க.