நடுச்சட்டம் கழலும் ஜன்னல்

கடலோரமாகப் பதினொரு வீடுகள் ஒரே கூரையின் கீழ் ஒட்டிக்கொண்டு நிற்கும். துறைமுக ஆட்களுக்காக எந்தக் காலத்திலோ கட்டியது. காற்றுக்குப் பயந்து கடல் பக்கச் சுவரில் ஒரு ஜன்னல்கூட வைக்கவில்லை. கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை, இரண்டு வீட்டுக்கு ஒரு புகைபோக்கி. அதைச் சுற்றிக்கொண்டுதான் மாடிப்படி ஏறும். படி என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. ஏணியைத் திருகி வைத்தது மாதிரி இருக்கும். கட்டில், பீரோ எதுவும் அதில் ஏறாது. அதனால் மாடி ஜன்னலின் நடுச்சட்டம் கழலும்படி செய்திருந்தார்கள். சாமான்கள் கயிறு கட்டி அந்த வழியாக மேலே போகும். மாடியில் யாராவது செத்துப்போனால் அந்த வழியாகத்தான் கீழே வருவார்கள்.

நடு வீட்டில் இருந்த தையல்காரம்மாவுக்குப் படகுகளுக்குத் தார்ப்பாய் தைப்பது தொழில். கணவர் படகு மெக்கானிக், ஆஜானுபாகுவான ஆள். புயலில் இஞ்சின் நின்றுபோன படகில், தண்ணீர் இடுப்புவரை ஏறியும் கைவிடாமல் அதைக் கிளப்பிக் கரை சேர்த்தவர். படகுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் அவர் தம்பி பக்கத்து வீட்டிலேயே இருந்தார். அண்ணன் என்றால் அவருக்கு உயிர்.

ஒரு நாள் காலையில் மெக்கானிக்கால் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது, புத்தி தெளிவாக இருந்தது. உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்தால் ஓரளவு நடக்க வைத்துவிடலாம் என்றார் டாக்டர். ஸ்ட்ரெச்சர் படித் திருப்பத்தைத் தாண்டவில்லை. அந்த உடம்பைக் கையில் தூக்கிக்கொண்டு அதில் இறங்கவும் வழியில்லை. படியை இடித்தால் புகைபோக்கியும் சேர்ந்து சரியும். போதாததற்குப் பழமையான கட்டடம், ஒரு கல்லைக்கூட அசைக்கக்கூடாது என்று நகராட்சி உத்தரவு வேறு. தம்பி கயிறும் சுத்தியலுமாக வந்து ஜன்னலில் கை வைத்தார். மெக்கானிக் கூடாது என்று கத்திவிட்டார். யார் கெஞ்சியும் மசியவில்லை.

தையல்காரம்மா எல்லோரையும் கீழே அனுப்பிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்காக வாங்களேன்."

"எங்கப்பாவை அது வழியா இறக்கினப்போ நான் கீழ நின்னேன். கயிறு ஒரு பக்கமா இழுத்து, அவர் தலை சுவர்ல மோதுச்சு. என்னால முடியாது. பயமா இருக்கு." பிறகு, "தம்பிகிட்ட சொல்லிடாத" என்றார்.

அவருக்குப் பயம் உண்டு என்பதே அந்த அம்மாவுக்கு அன்றைக்குத்தான் தெரியும். கீழே வந்து, "பிடிவாதம் பிடிக்கிறார், விட்டுடுங்க" என்றார்.

டாக்டர் மட்டும் வந்து போனார். மெக்கானிக் மாடியிலேயே கிடந்தார். அலைச் சத்தம் கேட்கும், கடல் தெரியாது. எந்தப் படகு வந்தது, எதில் புகை அதிகம் என்று மனைவி பின்பக்கம் போய்ப் பார்த்து வந்து சொல்வார். அவர் கண்ணை மூடிக்கொண்டு, எந்த இஞ்சினில் என்ன கோளாறு என்று முணுமுணுப்பார். குளிர்காலம் வந்ததும் நெஞ்சில் சளி கட்டியது. அதிலிருந்து மீளவில்லை.

தம்பிதான் நடுச்சட்டத்தைக் கழற்றினார். நான்கு பேர் கயிறு பிடிக்க, அண்ணன் சுவரில் எங்கும் உரசாமல் மெதுவாக இறங்கினார்.

"எவ்வளவு சுலபமா இறங்கிட்டார் பாருங்க அண்ணி. நீங்க அன்னிக்குக் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருந்தா இன்னிக்கு நடந்துட்டு இருப்பார்."

தையல்காரம்மா பதில் சொல்லவில்லை. அதைக் கொழுந்தன் அலட்சியம் என்று எடுத்துக்கொண்டார். அதன் பிறகு அண்ணியிடம் அவர் பேசுவதில்லை. அவர் இருமினால் சுவர் வழியே கேட்கும். இந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடினால் அந்தப் பக்கம் கேட்கும். தெருவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த அம்மா மட்டும் நின்று, அவர் கடந்து போகும்வரை பார்த்துவிட்டு நடப்பார்.

கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பாரோ என்னவோ. கொழுந்தன் கேட்கவே இல்லை.